கூர் பார்க்காமல் எய்த அம்பு

"தங்கச்சி தீட்டின அம்பு. அதுதான் மான் தப்பிப் போட்டுது."

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் கோயில் மண்டபத்தில், ஒரு ஞானஸ்நான விருந்தில், இதைச் சொன்னவர் என் கணவரின் பழைய நண்பர். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். நான் பொரித்த ரோல்ஸ் அடுக்கிய தட்டோடு அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெட்கத்தில் ஒதுங்கி நிற்கிறேன் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். அந்தக் கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறுகளில் பிரான்சுக்குப் போய், நோர்மண்டியில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி, என் வயதுக்காரி, வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவாள். முதலில் சும்மா துணைக்குப் போனேன். பிறகு அந்த நாட்டுச் சட்டப்படி பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, நானும் வில் பிடித்தேன். ஏன் என்று கேட்டால் பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. காட்டில் பரண்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது என்னை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். செத்தல் மிளகாய் அரைத்துப் போட்டு வைத்த மான் இறைச்சிக் கறிக்கு ஈடாக எனக்கு வேறு கறி தெரியாது. இந்த இரண்டும் போதும்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இரண்டாயிரத்துக்குப் பிறகு லண்டன் வந்தோம். எனக்கு விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. இங்கிலாந்தில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. ஆகவே ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வாரம் லீவு எடுத்து, டோவரில் கப்பல் ஏறி, அந்தத் தோழியின் வீட்டுக்குப் போவேன். கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். வேட்டையில் அவருக்கு விருப்பம் இல்லை. எனக்கு இருந்த விருப்பத்துக்கு அவர் தடையும் சொன்னதில்லை.

போவதற்கு முந்திய வாரங்களில் சமையல் முடிந்ததும் எங்கள் குசினி மேசை என் பட்டறையாகிவிடும். பழைய துவாய் ஒன்றை விரித்து, அம்பு முனைகளை எடுத்து வைப்பேன். என்னுடையவை இரண்டு பக்கமும் அலகுள்ள, ஒரே இரும்பில் செய்த, வெற்றிலை நுனி போல நீண்ட முக்கோண முனைகள். திரும்பத் திரும்பத் தீட்டலாம். அலகின் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படிப்பேன். பிறகு அரத்தை ஒரே கோணத்தில் தள்ளுவேன். கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழிந்தால் கோணம் சரி. ஓரத்தில் மட்டும், அல்லது அடியில் மட்டும் அழிந்தால் கை சாய்ந்துவிட்டது. மறுபடி கறுப்படித்துத் தொடங்க வேண்டும். அரம் ஓட ஓட மறுபக்கத்தில் ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, பெருவிரலை மெல்ல வெளிப்பக்கமாக இழுத்தால் உரசும். அந்தப் பிசிறைக் கல்லில் மாற்றி மாற்றித் தேய்த்து மெலியவைத்து, கடைசியில் கணவரின் பழைய இடுப்புப் பட்டியின் தோலில் வழித்து எடுப்பேன். மெருகு போடுகிற பச்சைக் கட்டியைத் தோலில் பூசி வைத்திருப்பேன். வேலைக்கு அவசரம் கூடாது. தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்து யன்னல் அதிரும்போது கையை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடருவேன்.

கூர் பார்க்க ஒரு மரச் சட்டத்தில் ரப்பர் பேண்டுகளை இழுத்துப் பூட்டி வைத்திருந்தேன். நல்ல கூருள்ள முனை அதில் பட்டவுடனே ரப்பர் டப்பென்று அறும். கூர் இல்லாதது ரப்பரைத் தள்ளிக்கொண்டு போகும். உடம்புக்குள் இரத்தக் குழாயும் அப்படித்தான். அம்பு குண்டு போல அடித்துக் கொல்வதில்லை, அறுத்துத்தான் கொல்லும். கூர் சரியாக இருந்தால், என்ன பட்டது என்று தெரிய முன்பே மான் கொஞ்சத் தூரம் நடந்து, தடுமாறி, படுத்துவிடும். கூர் இல்லாவிட்டால் குழாய்கள் ரப்பர் மாதிரி விலகிக் கொடுக்கும். பிறகு அந்த உயிர் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. கொல்ல நினைக்கிறவருக்கு இருக்கிற ஒரே கடமை அந்தக் கூர்தான் என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கோயிலில் இதைப் பற்றிக் கதை இருந்தது. "சண்டைக்குத் தப்பி வந்த சனம் நாங்கள். நீர் வீட்டுக்குள்ள இருந்து அம்பு தீட்டுறீராம்," என்று ஒரு அக்கா பூசை முடிந்து வாசலில் வைத்துக் கேட்டார். நான் சிரித்துவிட்டு வந்தேன். கோழியைத் தோலுரித்து வெட்டித் தரச் சொல்லிக் கடையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நான் எதை விளக்க?

அந்த நண்பருக்கு வருகிறேன். லண்டனின் தெற்கில், கோலியர்ஸ் வுட்டில் கடை வைத்திருந்தார். பலசரக்கு, மீன், ஆட்டிறைச்சி. அவரும் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர்தான். என் கணவர் பாரிசுக்கு முதலில் வந்து இறங்கியபோது தன் அறையில் படுக்க இடம் கொடுத்தவர். அந்த நன்றி என் கணவருக்கு எப்போதும் இருந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார நல்ல கதிரை அவருக்குத்தான். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவரும் பிரான்சில் இருந்த நாளில் வில் வேட்டைக்கு அனுமதி எடுத்து வைத்திருந்தார். ஆனால் ஒரு நாளும் போனதில்லை.

ஒரு வருடம் அவர் சொன்னார்: "தங்கச்சி, இந்த முறை நானும் வாறன். என்ர வானில போவம்."

எனக்குச் சந்தோஷம். இரயிலிலும் பஸ்ஸிலும் வில்லைக் காவிக்கொண்டு திரிவது லேசான காரியமா? தோழியிடம் கேட்டேன், வரட்டும் என்றாள்.

புறப்படுவதற்கு இரண்டொரு நாள் முன்பு அவர் தன் சாமான்களோடு வீட்டுக்கு வந்தார். புது வில், புது அம்புகள், இணையத்தில் வாங்கிய அம்பு முனைகள். பெட்டியில் சவர அலகு போன்ற கூர் என்று போட்டிருந்தது. உண்மையில் வாங்கியபோது அப்படி இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதே முனைகளைப் பூட்டிக்கொண்டு, தன் கடைக்குப் பின்னால் வைக்கோல் கட்டில் ஒரு மாதமாகப் பழகியிருந்தார். வைக்கோலுக்குள் மண்ணும் மணலும் இருக்கும். நான் ஒரு முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அலகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது. கூரான ஓரத்தில் வெளிச்சம் நிற்காது. கோடு தெரிந்தால் அது மழுங்கல்.

"அண்ணை, இது வெட்டாது. தாங்கோ, நான் தீட்டித் தாறன்."

"அதெல்லாம் தீட்டியாச்சு. கடையில கத்தி தீட்டுற மெஷின் இருக்கெல்லோ, அதுக்குள்ள விட்டு எடுத்தனான்."

நான் ரப்பர் பூட்டிய மரச் சட்டத்தை எடுத்து வைத்தேன். அவருடைய முனையை ரப்பரில் அழுத்தினேன். ரப்பர் வளைந்தது, நீண்டது, முனையோடு கூடவே போனது. என்னுடையதை எடுத்து வைத்தேன். பட்டவுடனே அறுந்தது.

"பாத்தீங்களோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "டேய், உன்ர மனுசி எனக்கு ரப்பர் பேண்ட் காட்டுறா. நான் ரப்பர் பேண்டைச் சுடவோ போறன்? ஒரு நாளைக்கு எத்தினை ஆடு வெட்டுறவன் நான்!"

"ஆடு செத்த பிறகுதான் உங்கட கடைக்கு வருது, அண்ணை. மான் நிண்டு தராது. ஒரு மணித்தியாலம் தாங்கோ. மூண்டு முனை தீட்டினாக் காணும்."

"பொம்பிளை தீட்டின அம்போட போனனான் எண்டு சனம் சிரிக்கிறதுக்கோ?"

பெட்டியை மூடிக்கொண்டார். என் கணவர் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம், அப்படியென்றால் நீங்கள் வரவேண்டாம் என்று. என் வீட்டில், என் கணவருக்கு இடம் கொடுத்த மனிதரிடம், அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஆட்களிடம் பெண்ணாகப் பிறந்தவள் எத்தனை தடவை இப்படி மரியாதைக்காக வாயை மூடியிருப்பாள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது.

நோர்மண்டிக்குப் போனோம். அந்த வாரம் முழுக்க மழை. கடைசி நாள் காலை வெளித்தது. தோழி அவரை ஒரு பரணிலும் என்னை வேறொன்றிலும் ஏற்றிவிட்டு, தான் தூரமாகப் போனாள். வெயில் ஏறி வரும்போது அவர் பரண் பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது அவர் கீழே இறங்கி நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பட்டிட்டுது தங்கச்சி! பெட்டை மான். சரியாத் தோளுக்குப் பின்னால. நான் கண்ணால கண்டனான்."

தோழி வந்தாள். மான் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தாள். வெட்டுண்ட மயிர் கொஞ்சம் கிடக்க வேண்டும், இல்லை. இலைகளில் இரண்டொரு துளி இரத்தம், அதுவும் நெஞ்சில் பட்டால் வரும் சிவப்பு இல்லை, கறுப்பு. அம்பு வெளியே வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

உடனே துரத்தினால் மான் இன்னும் தூரம் ஓடும். ஆகவே பல மணி நேரம் காத்திருந்தோம். பிறகு தேடினோம். துளிகள் வேலியோடு போய், ஒரு ஓடையருகே நின்றுவிட்டன. மழை மறுபடி தொடங்கியது. காயப்பட்ட மிருகத்தைத் தேடப் பழக்கிய நாய் வைத்திருக்கும் ஒருவரைத் தோழி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் அடுத்த நாள் விடியத்தான் வரமுடியும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை தன் பையைக் கட்டத் தொடங்கினார்.

"நாளைக்குக் காலமை கப்பல். தெரியும்தானே?"

"மானைக் கண்டுபிடிக்காமல் எப்பிடிப் போறது?"

"அது எங்கயாவது செத்திருக்கும். இல்லாட்டித் தப்பியிருக்கும். எனக்குக் கடை திறக்கோணும் தங்கச்சி. ஒரு மானுக்காகக் கப்பலை விடேலாது."

தோழிக்குத் தமிழ் தெரியாது; ஆனால் பை கட்டுவதைப் பார்த்தாள். "இவர் போகப்போகிறாரா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். ஆம் என்றேன். "எய்தவர் நிற்கவேண்டும். அதுதான் முறை," என்றாள். நான் அதை மொழிபெயர்த்தேன். அவர், "முறையைப் பற்றி வெள்ளைக்காரி எனக்குச் சொல்லத் தேவையில்லை," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

விடியற்காலையில் அவர் தனியாக வானில் போனார். நான் நின்றேன். வேலைக்கு அழைத்து, வரமுடியாது என்றேன். மேற்பார்வையாளர் போட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டேன்.

நாய்க்காரர் வந்தார். நாய் ஓடையைக் கடந்து, மக்காச்சோள வயல் ஒன்றைச் சுற்றி, முட்பற்றைக்குள் எங்களை இழுத்துக்கொண்டு போனது. மான் அங்கே படுத்திருந்தது. செத்திருக்கவில்லை. ஒரு பகலும் ஒரு இரவும் அந்த அம்போடு அது கிடந்திருக்கிறது. தோளுக்குப் பின்னால் என்று அவர் கண்ணால் கண்டது தவறு; பட்டது வயிற்றுப் பக்கம். எங்களைக் கண்டதும் எழும்ப முயன்றது. முன்கால்கள் மட்டும் எழும்பின. சத்தம் போடவில்லை. மான் போடாத அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. நாய்க்காரர் கத்தியோடு முன்னால் போனார். நான் முகத்தைத் திருப்பவில்லை. எங்களோடு வந்த ஒருவர் செய்த வேலை அது. ஒருவராவது பார்க்க வேண்டாமா?

தோழி அம்பை வெளியே எடுத்து, முனையைப் புல்லில் துடைத்துவிட்டுப் பெருவிரலை அலகின் மேல் நேராக வைத்து அழுத்தி இழுத்தாள். நல்ல முனை என்றால் விரல் பிளந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. விரலை எனக்குக் காட்டினாள். வீட்டுக்கு வந்து அதைப் பழைய இரும்பு வாளிக்குள் எறிந்தாள். இறைச்சி பழுதாகிப் போயிருந்தது. ஒரு துண்டும் எடுக்க முடியவில்லை.

பஸ் பிடித்து லண்டன் வந்து சேர்ந்தேன். வந்ததும் முதல் வேலையாக அவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றில் பட்டதை, அது உயிரோடு கிடந்ததை, விரல் வெட்டுப்படாததை.

கேட்டு முடிந்ததும், "அப்ப இறைச்சி?" என்றார்.

"பழுதாப் போச்சு."

"பிறகென்ன பிரயோசனம்," என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டார்.

இப்போது புரிகிறதா? சில வாரங்களுக்குப் பிறகு அந்த மண்டபத்தில் நின்று, மான் தப்பிவிட்டது என்று சொன்னவருக்கு, மான் தப்பவில்லை என்று தெரியும். நான் அந்த முனையைத் தொட்டுத் தீட்டவில்லை என்றும் தெரியும். பொம்பிளை தீட்டிய அம்போடு போக வெட்கப்பட்டவருக்கு, குறி பிசகியதும் ஒரு பொம்பிளை தீட்டிய அம்பு தேவைப்பட்டது.

ரோல்ஸ் தட்டை ஒரு கதிரையில் வைத்தேன்.

"அண்ணை, அந்த அம்பில இருந்த முனை ஆர் தீட்டினது?"

திரும்பிப் பார்த்தார். "அட, தங்கச்சி நிண்டதோ? பகிடிக்குச் சொன்னனான். விடுங்கோ."

"விடமாட்டன். ஆர் தீட்டினது எண்டு சொல்லுங்கோ."

"ஒரு மானுக்கு இவ்வளவு கதையோ?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். "எங்கட சனம் எவ்வளவு செத்துப் போச்சு. நீங்கள் மானுக்குக் கண்ணீர் விடுறியள்."

அந்தச் சொல்தான் என்னைப் பொறுக்க விடவில்லை. "ஓம், செத்தது," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக உயர்ந்திருந்தது. "காயப்பட்டுக் கிடந்ததுகளை விட்டிட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். வேற வழி இருக்கேல்லை, வந்தம். இவருக்கு வழி இருந்தது. கடை திறக்கப் போனவர். உயிரோட கிடந்தது எண்டு சொல்லியும் இறைச்சி எங்க எண்டு கேட்டவர். இப்ப என்ர கையில பழியைப் போடுறார்."

குழந்தையின் தாய் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக மட்டும் எனக்குக் கவலையாக இருந்தது. யாரோ ஒரு அக்கா, "இது கோயில் மண்டபம் பிள்ளை," என்றார். அண்ணை முகம் சிவந்து, "பொம்பிளையளுக்கு வேட்டை எதுக்கு எண்டு நான் அப்பவே நினைச்சனான்," என்றார்.

அப்போது என் கணவர் வந்தார். அவர் மண்டபத்தின் மறுபக்கத்தில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். கையில் இன்னும் ஒரு கதிரை இருந்தது. தன் நண்பரின் முன்னால் வந்து நின்று, தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: "அவள் தீட்டித் தாறன் எண்டு கேட்டவள். நீ குடுக்கேல்லை. நான் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான்."

"நீயுமாடா?" என்றார் நண்பர்.

"நான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும்," என்றார் கணவர். "வீட்டை போவம்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்து கார்க் கதவைத் திறக்கும்வரை அந்தக் கதிரை அவர் கையில் இருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. நான்தான் திரும்பக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன்.

அதோடு அவர்கள் இருவருக்கும் இடையே போக்குவரத்து நின்றது. என் கணவருக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும். சில ஞாயிறுகளில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சனங்கள் சொன்னார்கள். ஒரு மானுக்காகப் புருசனின் சிநேகிதத்தை முறித்தவள் என்று சொன்னார்கள். பொய் சொன்னவரைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலத் திருவிழாவுக்குச் சாமான் கொடுத்தார், மேடையில் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

அடுத்த கோடையில் அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணைக்கு மறுபடி வேட்டைக்குப் போக ஆசையாம், நேரே கேட்கத் தயக்கமாம்.

"வரட்டும் அக்கா," என்றேன். "எங்கட குசினியில வந்திருந்து, தன்ர கையால தன்ர முனையைத் தீட்டி, என்ர கண்ணுக்கு முன்னால அந்த ரப்பரை அறுத்துக் காட்டட்டும். அதுக்குப் பிறகு என்ர சிநேகிதியிட்ட நான் கேக்கிறன்."

அண்ணை பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். "இவவிட்டப் பரீட்சை எழுத எனக்கென்ன விசரோ?" என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. வில்லை யாருக்கோ விற்றுவிட்டார் என்று பிறகு அறிந்தேன். நல்லது. காட்டுக்கு அது நல்லது.

அந்த அக்டோபரில் என் கணவர் முதல் முறையாக என்னோடு நோர்மண்டிக்கு வந்தார். வேட்டைக்கு வரவில்லை. தோழியின் அடுப்படியில் இருந்து, அவளோடு தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தார். நான் ஒரு மான் எய்தேன். அது படுத்த இடம் பரணில் இருந்தே தெரிந்தது.

மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை நடக்கும். லண்டனின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வரும். ஒருநாள் அண்ணை எங்களுக்கு முன் வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும்படி பூசை வைத்த சுவாமி சொன்னபோது அவர் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினார். கையை நீட்டினார். என் கணவர் கொடுத்தார். பிறகு அந்தக் கை என் பக்கம் வந்தது.

நானும் கொடுத்தேன். "சமாதானம்," என்று அவர் சொன்னார். "சமாதானம்," என்று நான் சொன்னேன். கோயிலில் பொய் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன பொய்யோடு பார்த்தால் என்னுடையது சின்னது.